பன்னிரண்டு வயதுக்குக் கீழே

இந்திய தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவுக்கு, அதை எழுதியவர்கள் ஓர் எடுத்துக்காட்டு கொடுத்திருந்தார்கள். ஒரு பிள்ளைக்குக் கல்லடைப்பு நோய். கத்தி வைத்தால் உயிர் போகவும் கூடும் என்று தெரிந்தே தகப்பன் பிள்ளையை அறுவை மருத்துவரிடம் ஒப்படைக்கிறான். நோய் தீர வேண்டும் என்பதே அவன் எண்ணம், ஆகவே அவன்மேல் குற்றமில்லை. 1860இல் இயற்றிய அந்தப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 27ஆம் பிரிவாக, அதே எடுத்துக்காட்டோடு தொடர்கிறது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காகப் பாதுகாவலர் நல்லெண்ணத்தோடு செய்வதும், அவருடைய ஒப்புதலோடு பிறர் செய்வதும் குற்றமாகாது என்பது அதன் சாரம். அடி, பிரம்பு, கண்டிப்பு எதுவும் அந்தப் பிரிவில் இல்லை. இருந்தும், பிள்ளையை அடித்த பெரியவர்கள் இந்திய நீதிமன்றங்களில் நெடுங்காலமாகக் கைநீட்டிப் பிடித்துக்கொண்ட கொம்பு இதுதான்.

பெற்றோர் பிள்ளையை அடிப்பதைச் சட்டம் அனுமதிக்கலாமா என்ற விவாதத்தை இந்தப் பிரிவிலிருந்து தொடங்குவதே முறை என்று நினைக்கிறேன். ஏனென்றால் விவாதம் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. பெற்றோரைக் குற்றவாளியாக்கப் புதிதாக ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறார்கள் என்று பலர் பதறுகிறார்கள். ஒருவரை வேண்டுமென்றே அடித்து வலி உண்டாக்குவது ஏற்கெனவே குற்றம். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரை அறைந்தாலும், கடைப் பையனை அறைந்தாலும், எதிர்வீட்டுப் பிள்ளையை அறைந்தாலும் குற்றம். சொந்தப் பிள்ளையை அறைந்தால் மட்டும் ஒரு சலுகை இருக்கிறது. அந்தச் சலுகை நீடிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. சலுகைக்கு வைத்த வயது வரம்பும் யோசிக்க வைக்கிறது. பதின்மூன்று வயதுப் பையனை அடித்த தகப்பன் இந்தப் பிரிவுக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. மூன்று வயதுக் குழந்தையை அடித்தவர் ஒளிந்துகொள்ளலாம். திருப்பிப் பேசவோ ஓடவோ முடியாத வயதில்தான் சட்டத்தின் கை மிகவும் தளர்ந்திருக்கிறது.

பிள்ளையை அடிப்பது ஏதோ தனி உறவின் தனி உரிமை என்று இன்று தோன்றுகிறது. ஒரு காலத்தில் அது, இதுபோன்ற பல உரிமைகளில் ஒன்று. கணவன் மனைவியையும், எஜமான் வேலைக்காரனையும், கப்பல் தலைவன் மாலுமியையும், அரசு கைதியையும் அடிக்கலாம் என்று உலகின் பல சட்டங்கள் ஒப்புக்கொண்டிருந்தன. நம் தண்டனைச் சட்டம் பிறந்த அதே 1860இல் இங்கிலாந்தில் ஈஸ்ட்போர்ன் ஊரில் தாமஸ் ஹாப்லி என்ற ஆசிரியர், மந்தமாகப் படித்த மாணவன் ஒருவனை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடித்ததில் அந்தச் சிறுவன் இறந்தான். அடிப்பதற்குத் தந்தையிடம் அவர் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தார். ஹாப்லிக்குச் சிறை கிடைத்தது. ஆனால் தலைமை நீதிபதி காக்பர்ன் அந்த வழக்கில், பெற்றோரும் ஆசிரியரும் மிதமாகவும் நியாயமாகவும் அடிக்கலாம் என்று வகுத்த நெறி, பிரிட்டிஷ் ஆட்சி பரவிய நாடுகளுக்கெல்லாம் பரவிவிட்டது. ஒரு பையன் அடிபட்டுச் செத்த வழக்கிலிருந்துதான் அடிக்கலாம் என்ற நெறி கிடைத்திருக்கிறது.

மற்ற உரிமைகள் ஒவ்வொன்றாகப் போயின. கீழத்தஞ்சையில் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்ததை 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றோர் தலைமையில் நடந்த போராட்டங்கள் முடிவுக்குக் கொண்டுவந்தன. நீதிமன்றம் கசையடி விதிப்பதை இந்தியா 1955இல் சட்டம் போட்டு ஒழித்தது. மனைவியை அடிப்பது வீட்டு விவகாரம் என்ற பேச்சை 1983இல் தண்டனைச் சட்டத்தில் வந்த 498ஏ பிரிவும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும் செல்லாததாக்கின. தமிழ்நாடு 2003இல் கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளியில் பிரம்பை விலக்கியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் நாடு முழுவதற்கும் அதைச் சொன்னது. சிறார் நீதிச் சட்டம் 2015இல் காப்பகங்களையும் சேர்த்துக்கொண்டது. கொலைக் குற்றவாளிக்குக்கூட நீதிமன்றம் இன்று அடியைத் தண்டனையாகத் தர முடியாது. மிச்சம் இருப்பது வீட்டுக்குள் இருக்கும் குழந்தை.

வீட்டுக்குள் என்னதான் நடக்கிறது? மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. மூவரில் இருவர் உடல் வன்முறைக்கு ஆளானவர்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் 88.6 விழுக்காட்டினரை அடித்தது தாயோ தகப்பனோதான். உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் தந்த மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் 120 கோடிச் சிறார் வீட்டில் உடல் தண்டனைக்கு ஆளாகிறார்கள். எண்களை விடுங்கள். தலையில் குட்டு, தொடையில் கிள்ளு, கரண்டிக் காம்பு, விளக்குமாறு, பெல்ட், முட்டி போட வைப்பது, மிளகாய்ப் புகை, பழுக்கக் காய்ச்சிய கரண்டியால் சூடு என்று நம் வீடுகளில் வழங்கும் முறைகளுக்கு விளக்கம் வேண்டியதில்லை. மலேசியத் தமிழ் வீடுகளில் ரோத்தான் என்ற பிரம்பு கதவோரம் தொங்கும். செல்லமாக முதுகில் ஒரு தட்டு என்பதும் உண்டு. ஆனால் சட்டம் காப்பது அந்தத் தட்டை மட்டும் அல்ல.

யார் அடிபடுகிறார்கள் என்று பார்த்தால் மனம் இன்னும் கனக்கிறது. எழுத்துகள் கண்முன் இடம் மாறிக் குழம்பும் பிள்ளை மதிப்பெண்ணுக்காக அடிபடுகிறது. ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளை அடங்காதவன் என்று அடிபடுகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தை, தனக்கே புரியாத ஓர் அலறலுக்காக அடிபடுகிறது. பெண் பிள்ளை போனில் பேசியதற்கு, பையனோடு சிரித்ததற்கு, வேறு சாதியில் மனம் போனதற்கு அடிபடுகிறாள். அந்த வயதில் 27ஆம் பிரிவு அவளை எட்டாது. ஆனால் அடிக்கும் கைக்கு மூன்று வயதிலிருந்து கிடைத்த பழக்கம் பன்னிரண்டில் நின்றுவிடுவதில்லை. என் பிள்ளை, நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்ற வாக்கு எங்கெல்லாம் போய் முடிகிறது என்பதைத் தமிழ்நாட்டின் செய்தித்தாள்களில் படித்துக்கொண்டே இருக்கிறோம்.

அடியை ஆதரிப்பவர்கள் எல்லோரும் கொடியவர்கள் அல்லர். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொன்ன சொல். கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வந்த தகப்பன்மார் தங்கள் பிள்ளை உருப்பட வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். நான்கு பிள்ளைகளையும் வயல் வேலையையும் அடுப்பையும் ஒற்றை ஆளாகச் சுமந்த தாய், கிணற்றுப் பக்கம் ஓடிய பிள்ளையை முதுகில் ஒன்று வைத்தாள் என்றால், அவள் அன்பை யாரும் சந்தேகிக்கவில்லை. அடி வாங்கித்தான் வளர்ந்தேன், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்கிறவர்களில் பலர் அந்தத் தாயின் நினைவுக்கு இழுக்கு வரக் கூடாது என்றே அப்படிச் சொல்கிறார்கள். அந்த உணர்வை மதிக்கிறேன். ஆனால் அவள் நல்ல தாய் என்பதும், அடி இல்லாமலே அந்தப் பிள்ளை நன்றாக வளர்ந்திருக்கும் என்பதும் ஒன்றோடொன்று மோதவில்லை.

ஆய்வுகளுக்கு வருவோம். அமெரிக்க ஆய்வாளர்கள் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லர் இருவரும் 2016இல் 75 ஆய்வுகளை, ஏறத்தாழ 1,60,000 குழந்தைகளைப் பற்றிய தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிக்கும் அடியைக் கணக்கில் சேர்க்கவில்லை. வெறும் கையால் அடிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் அளந்த 17 விளைவுகளில் 13இல் அடி கேட்டோடு தொடர்புற்றிருந்தது: முரட்டுத்தனம், மனச்சோர்வு, பெற்றோரோடு உறவுக் குறைவு இப்படி. ஒன்றிலும் நன்மை தென்படவில்லை.

இதற்கு ராபர்ட் லார்ஸெலெர் போன்ற ஆய்வாளர்கள் எழுப்பும் மறுப்பைத் தட்டிக் கழிக்கக் கூடாது. காய்ச்சல் வந்தவர்தான் மாத்திரை சாப்பிடுகிறார், அதற்காக மாத்திரைதான் காய்ச்சலைக் கொண்டுவந்தது என்பீர்களா என்று கேட்பது போன்றது அவர்களுடைய வாதம். முரட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் அடிபடுகிறார்கள், அடி அவர்களை முரடாக்கவில்லை என்கிறார்கள். நியாயமான கேள்வி. அதைத் தீர்க்க ஒரே குழந்தையை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். 2010இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு ஏறத்தாழ 2,500 குடும்பங்களில் அதைச் செய்தது. மூன்று வயதில் ஒரே மாதத்தில் இருமுறைக்கு மேல் அடிபட்ட குழந்தைகள், ஐந்து வயதில் கூடுதல் முரட்டுத்தனம் காட்டினார்கள். மூன்று வயதிலேயே இருந்த முரட்டுத்தனத்தையும் தாயின் மனஅழுத்தத்தையும் கணக்கில் கழித்த பிறகும் அந்த வேறுபாடு நின்றது. 2021இல் லான்செட் இதழில் வந்த திறனாய்வு இப்படித் தொடர்ந்து கவனித்த 69 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, அடியால் பிள்ளைகளின் நடத்தை திருந்துவதற்குச் சான்றில்லை என்று முடித்தது. பாதிப்பின் அளவு பெரும்பாலும் சிறியது. அதை மறைக்கத் தேவையில்லை. அடித்தவுடன் பிள்ளை அந்த நிமிடம் அடங்கிவிடுகிறது, அதனால்தான் பெற்றோர் அடியை நம்புகிறார்கள் என்பதும் உண்மை. மறுநாளைக்கு அது உதவவில்லை என்பதைத்தான் ஆய்வுகள் சொல்கின்றன.

எல்லோரும் அடிக்கும் ஊரில் அடி வலிக்காது என்ற வாதத்தையும் சோதித்திருக்கிறார்கள். ஜெனிஃபர் லான்ஸ்ஃபோர்டின் குழு 2005இல் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் தாய்மாரையும் பிள்ளைகளையும் கேட்டது. அடிப்பது சகஜமான சமூகத்தில் பாதிப்பு குறைவாக இருந்தது. ஆனால் மறைந்துவிடவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு என் கருத்தைச் சொல்கிறேன். சட்டத்தின் கேள்வி இந்த ஆய்வுகளின் முடிவைப் பொறுத்தது அல்ல. மனைவியை அடித்தால் அவளுக்கு மனச்சோர்வு எத்தனை விழுக்காடு கூடுகிறது என்று அளந்து பார்த்துவிட்டு நாம் குடும்ப வன்முறைச் சட்டம் போடவில்லை. ஆளை அடிக்கக் கூடாது என்று போட்டோம். குழந்தையும் ஆள்தான். உடல் சிறியது, எலும்பு மெலிது, போக வேறு வீடில்லை என்பவை அதற்குக் கூடுதல் காப்புத் தருவதற்கான காரணங்கள். 1989இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு அதைத்தான் கேட்கிறது. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது.

உலகில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் வீட்டு அடியையும் தடை செய்துவிட்டன. முதல் நாடு சுவீடன். அங்கே அது ஒரே நாளில் நடக்கவில்லை. 1957இல் பெற்றோருக்குக் குற்றவியல் சட்டம் தந்த விலக்கை எடுத்தார்கள். 1966இல் குடும்பச் சட்டத்திலிருந்து அடிக்கும் உரிமையை எடுத்தார்கள். 1979இல்தான் உடல் தண்டனை கூடாது என்று வெளிப்படையாக எழுதினார்கள். நாடாளுமன்றத்தில் 259 பேர் ஆதரவு, ஆறு பேர் எதிர்ப்பு. எழுதிய இடம் முக்கியமானது. தண்டனைச் சட்டத்தில் எழுதவில்லை, பெற்றோர் பற்றிய சட்டத்தில் எழுதினார்கள். அந்த விதிக்கென்று தனித் தண்டனை ஏதும் வைக்கவில்லை. கடுமையாக அடித்தால் வழக்கமான தாக்குதல் பிரிவு இருக்கவே இருக்கிறது. பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கெல்லாம் விளக்கப் பிரசுரம் போனது. பால் அட்டைப் பெட்டிகளில் சட்டத்தை அச்சிட்டார்கள், காலை உணவின்போது பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து படிக்கட்டும் என்று. 1960களில் அங்கே பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வீட்டில் அடிபட்டார்கள். இன்று அடிபடுகிறவர்கள் மிகச் சிலர். இறக்கம் சட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று விமர்சகர்கள் சொல்வது சரி. சட்டம் தனியாக எதையும் செய்யவில்லை, சமூகம் நகர்ந்த திசையில் நின்று வழி காட்டியது.

நியூசிலாந்தின் கதை வேறு. அங்கே 2005இல் மகனைக் குதிரைச் சவுக்காலும் பிரம்பாலும் அடித்த ஒரு தாய், நியாயமான பலம் என்ற சட்ட விலக்கைக் காட்டி விடுதலையானார். சூ பிராட்ஃபோர்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம் 2007இல் அந்த விலக்கை நீக்கியது. அற்பமான நிகழ்வுகளில் வழக்குப் போடாமல் விடக் காவல்துறைக்கு உரிமை உண்டு என்பதையும் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 2009இல் நடந்த கருத்து வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 87 விழுக்காட்டினர் அடிப்பது குற்றமாகக் கூடாது என்றார்கள். அரசு சட்டத்தை மாற்றவில்லை. பெற்றோர் கூட்டங்கூட்டமாகச் சிறைக்குப் போகவும் இல்லை.

தென்னாப்பிரிக்காவில் மாற்றம் நீதிமன்றம் வழியாக வந்தது. மகனை அடித்த தகப்பன் ஒருவரின் மேல்முறையீட்டில் தொடங்கிய வழக்கில், 2019 செப்டம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் நியாயமான கண்டிப்பு என்ற பழைய விலக்கு செல்லாது என்றது. ஒருமித்த அந்தத் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி மொகொயெங் ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கை உள்ளவர். எதிர்த்து வாதிட்டதோ, வேதமே அடிக்கச் சொல்கிறது என்ற மத அமைப்பு. தெற்காசியாவில் நேபாளம் 2018இல் முதலாவதாகத் தடை செய்தது. ஜப்பான் 2020இலும் தென்கொரியா 2021இலும் அந்த வழிக்கு வந்தன. இலங்கை 2005இல் நீதிமன்றக் கசையடியை ஒழித்தது. ஆனால் பெற்றோர் தண்டிக்கும் உரிமையைக் காத்த 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் போன்ற ஆங்கிலேயர் கால வாசகங்கள் அதன் பிறகும் நீடித்தன.

பிரிட்டனுக்குள்ளேயே ஸ்காட்லாந்து 2020இலும் வேல்ஸ் 2022இலும் விலக்கை நீக்கிவிட்டன. இங்கிலாந்து 2004இல் அதைச் சுருக்கியதோடு நின்றுவிட்டது. கிளாஸ்கோவில் வசிக்கும் தமிழ்த் தாய் பிள்ளையை அடிக்கச் சட்டத்தில் இடமில்லை, ஈஸ்ட்ஹாமில் வசிக்கும் அவள் தங்கைக்கு இன்னும் இடமிருக்கிறது. 2023 ஆகஸ்டில் தெற்கு இங்கிலாந்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டாள். நாட்டை விட்டு ஓடிய தகப்பன் காவல்துறைக்குத் தொலைபேசியில் சொன்னது, தான் அவளைச் சட்டப்படி தண்டித்ததாகவும் அவள் இறந்துவிட்டதாகவும். கொலைக்கு எந்த நாட்டுச் சட்டமும் விலக்குத் தரவில்லை. ஆனால் அந்த மனிதர் அந்த நேரத்தில் எந்தச் சொல்லைத் தேடிப் பிடித்தார் என்பதை என்னால் கடந்துபோக முடியவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இனிமேல்தான் வருகிறது. அது அடியைப் பற்றியது அல்ல, அரசைப் பற்றியது. விலக்கை எடுத்துவிட்டால் குடும்பத்துக்குள் போலீஸ் நுழையும். யார் வீட்டுக்குள் நுழையும்? குடிசை வீட்டுக்குள், சேரிக்குள், கணவன் விட்டுப்போன தாயின் வீட்டுக்குள். பங்களாவுக்குள் நுழையாது. 2020இல் சாத்தான்குளத்தில் காவலில் அடிபட்டுத் தந்தையும் மகனும் இறந்த மாநிலத்தில், பிள்ளையை அடித்த தாயைத் திருத்தக் காவல் நிலையத்துக்கு அனுப்புவதா? நார்வேயில் 1987 முதல் தடை இருக்கிறது. அங்கே குடியேறிய ஈழத் தமிழ்க் குடும்பங்கள் உட்பட வெளிநாட்டிலிருந்து வந்த பலரிடம், குழந்தை நலத் துறையான பார்னவார்ன் பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போய்விடும் என்ற அச்சம் ஆழமாக இருக்கிறது. பிள்ளைகளைப் பிரித்த சில வழக்குகளில் நார்வே குடும்ப வாழ்வுரிமையை மீறியதாக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. இது வெற்று அச்சம் அல்ல. அடிபட்ட பிள்ளைக்குத் தாயைப் பறிகொடுப்பது அடியைவிடப் பெரிய தண்டனை.

இந்த வாதத்தை முழுவதும் ஏற்றுக்கொள்கிறேன். அதிலிருந்து வரும் முடிவைத்தான் ஏற்கவில்லை. போலீஸை வாசலிலேயே நிறுத்துவதற்கு வழி, அடிக்கலாம் என்ற சலுகையை வைத்துக்கொள்வது அல்ல. சலுகை போக வேண்டும், சிறைக்கதவும் எளிதில் திறக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்தே எழுத முடியும் என்பதற்குச் சுவீடனும் நியூசிலாந்தும் சான்று. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2004இல் வேறு சமரசம் தேடியது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையை அடிக்கக் கூடாது, பன்னிரண்டுக்கு மேலும் கூடாது, தலையில் கூடாது, பொருளால் கூடாது, கையால் இலேசாக மட்டும் அடிக்கலாம் என்றது. எவ்வளவு அடிக்கலாம் என்று அரசு அட்டவணை போட்டுக் கற்பிப்பதாக அது எனக்குப் படுகிறது. கோபத்தில் ஓங்கிய கை அந்த அட்டவணையை நினைத்துப் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் கைக்கெட்டும் வேலை இருக்கிறது. குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் உள்ளது. பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்ட 2025 ஜனவரியில் நம் சட்டப்பேரவை பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மாநிலத் திருத்தம் நிறைவேற்றியது. 27ஆம் பிரிவுக்கும் அதேபோல ஒரு விளக்கம் சேர்க்கலாம்: திருத்துவதற்காக வலி தருவது இந்தப் பிரிவின் பொருளில் குழந்தையின் நன்மை ஆகாது. அறுவை மருத்துவருக்கும் தடுப்பூசிக்கும் இருக்கும் காப்பு அப்படியே இருக்கும். தெருவில் லாரி வரும்போது பிள்ளையைப் பிடித்து இழுப்பதும், தம்பியைக் கடிக்கும் அண்ணனைப் பிடித்து விலக்குவதும் அடி அல்ல என்பதையும் கூடவே எழுதிவிட வேண்டும். சூடு, பெல்ட், காயம், திரும்பத் திரும்ப நடக்கும் கொடுமை இவை சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் இப்போதே மூன்றாண்டு வரை சிறைக்குரியவை. அவை அங்கேயே இருக்கட்டும். மற்றவை காவல் நிலையத்துக்குப் போகக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் முதலில் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும், அவர்களுடைய அறிக்கை இல்லாமல் வழக்குப் பதியக் கூடாது என்று நிபந்தனை வைக்கலாம்.

அதைவிடப் பெரிய வேலை திருத்தத்துக்கு வெளியே இருக்கிறது. மாநிலத்தில் ஏறத்தாழ 54,000 அங்கன்வாடிகள் இருக்கின்றன. தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு தாயையும் கிராம சுகாதாரச் செவிலியர் பார்க்கிறார். இரண்டு வயதுப் பிள்ளை ஏன் தரையில் புரண்டு அழுகிறது, அப்போது என்ன செய்யலாம் என்று அந்தத் தாயிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. எடை எவ்வளவு, அடுத்த ஊசி எப்போது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த உரையாடலில் பத்து நிமிடத்தை நீட்டுவதற்குச் செவிலியருக்குப் பயிற்சி வேண்டும், கூடுதல் ஆள் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண், பிள்ளைகள் அழைப்பதற்காக மட்டும் அல்லாமல், கை ஓங்கும் நிலையில் நிற்கும் பெற்றோரும் அழைத்துப் பேசுவதற்கான எண்ணாகவும் மாற வேண்டும். ஆவின் பால் பாக்கெட் காலையில் பெருநகர வீடுகள் பலவற்றுக்குப் போகிறது. சட்டத்தைத் திருத்திய மாதத்தில் அதில் இரண்டு வரி அச்சிடலாம், பெற்றோருக்கு ஒன்றும் பிள்ளைக்கு ஒன்றுமாக.